இரண்டாம் பிரதிவாதி

அமீனா மில்லுக்கே வந்துவிட்டார்.
தவிட்டுத் தூசியில் இரண்டு தும்மல் போட்டு
"உமையாள் யாரு?" என்றார்.
எடைமேடையில் நாற்பதாவது மூட்டை.
கையெழுத்துப் போட்டு சம்மனை வாங்கினேன்.
நாற்பத்தொன்றை யாரும் சொல்லவில்லை.

தேவகோட்டை உரிமையியல் நீதிமன்றம்.
வாதி: மதுரை பைபாஸில் ஒரு நிதி நிறுவனம்.
முதல் பிரதிவாதி: சாத்தப்பன்.
இரண்டாம் பிரதிவாதி: மேற்படியார் மனைவி.

எங்கள் மில்லில் முதல் மூட்டையை
ஒன்று என்று எண்ணுவதில்லை.
லாபம், ரெண்டு, மூணு.
அப்படிப் பார்த்தால்
அவர் லாபம். நான் ரெண்டு.

நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம், வட்டி தனி.
கடன் கொடுத்தது இவர்கள் இல்லையாம்,
கொடுத்தவரிடம் விலைக்கு வாங்கினார்களாம்.
புதுவயலில் நெல் வாங்க வருகிறவன்
ரெண்டு மணியை நகத்தால் உரித்துப்
பல்லில் வைத்துப் பார்ப்பான்.
என்னைக் கடித்துப் பார்க்காமலே
வாங்கியிருக்கிறார்கள்.

டயர் கடை மாடியில் வக்கீல் மீனலோசனி
சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டுப் படித்தார்.
"சும்மா இருந்துறாதீங்க.
பதில் போடலைன்னா
உங்களை வைக்காமலே தீர்ப்பாயிரும்."
சும்மா இருந்தது பதினோரு வருஷம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

சிவகங்கையில் விவாகரத்து, 2019 ஆகஸ்ட்.
கடன் பத்திரம், 2021 ஜனவரி.
பதினேழு மாதம் முன்பே தீர்ந்துபோன மனைவி
வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

குமாஸ்தா எதிருரை எழுத உட்கார்ந்தார்.
பத்தி ஒன்று, மறுக்கப்படுகிறது.
பத்தி இரண்டு, முற்றிலும் பொய் என மறுக்கப்படுகிறது.
பத்தி மூன்று, இந்தப் பிரதிவாதிக்குத் தெரியாது,
நிரூபிக்க வேண்டியது வாதியின் பொறுப்பு.
கேட்கக் கேட்க நன்றாக இருந்தது.
இந்த பாஷை முன்பே கிடைத்திருந்தால்
மாமியார் வீட்டுக் கூடத்தில் நின்று
பத்தி பத்தியாகச் சொல்லியிருப்பேன்:
குழம்பில் உப்புக் கூடியது மறுக்கப்படுகிறது.
என் அப்பா சீரில் குறைத்தது,
நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

பத்தி நான்கில் வக்கீல் நிறுத்தினார்.
"இரண்டாம் பிரதிவாதி முதல் பிரதிவாதியை மணந்து
காரைக்குடி செக்காலையில் வாழ்ந்து வந்தார்."
அதை மறுக்க முடியாதாம்.
ஒப்புக்கொள்ளப்படுகிறது.
வாழ்ந்து என்பதை மட்டும் எடுத்துவிடலாமா என்றேன்.
குடியிருந்து என்று மாற்றினார்.

அப்புறம்தான் அந்தக் கையெழுத்தைக் காட்டினார்.
சா. உமையாள்.
கடைசிப் புள்ளி இருக்கும் இடத்தில் சின்ன வட்டம்,
அதிலிருந்து கொடி மாதிரி ஒரு வால்.
நான் அப்படிப் போட்டது
கல்யாணமான முதல் வருஷம்.
பேங்கில் செக்கைத் திருப்பியதும் விட்டுவிட்டேன்.
நானே மறந்துபோன வால்.
எவ்வளவு நிதானமாக வளைத்திருக்கிறார்.
என் பிறந்தநாள் ஒருமுறைகூட
ஞாபகம் வந்ததில்லை அவருக்கு.

"இது உங்க கையெழுத்து இல்லைதானே?"
இல்லை, என்றேன்,
கொஞ்சம் தாமதமாக.
வக்கீல் நிமிர்ந்து பார்த்தார்.
"கூண்டுல இப்படி யோசிக்காதீங்க."

எதிருரையின் அடியில்
பழ. உமையாள்.
அப்பாவின் எழுத்து. பழைய பழ.
திரும்பி வந்து நாலு வருஷமாகியும்
பேனா முதலில் சா-வுக்குத்தான் வளையப் பார்க்கிறது.

முதல் பிரதிவாதியின் சம்மன் திரும்பிவிட்டது,
கதவு பூட்டியிருந்ததாம்.
வாய்தா பங்குனியில்.
வக்கீல் ஃபீஸில் பாதி கொடுத்தேன்,
மீதிக்கு நானும் கடன்காரி.

மூணரை பஸ்ஸைப் பிடித்து மில்லுக்கு வந்தபோது
லாரியில் புது லோடு.
"எண்ணலாமாக்கா?" என்றான் சேவுகன்,
முதல் மூட்டை முதுகில்.
ம் என்றேன்.
"லாபம்."
மறுக்கப்படுகிறது என்று
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
நோட்டில் ஒரு கோடு போட்டேன்.